மட்டை உள்ளே, கால் வெளியே

திருச்சி ரோட்டில் கிழக்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஆணி வைத்த ஷூ, தார் ரோட்டில் லாடம் கட்டிய மாடு போலச் சத்தம் போட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முழங்கால்வரை ஏறிய சிவப்புச் சாக்ஸோடு ஒருவன் ஷூ இல்லாமல் நடந்தால் தெருநாய்கூடச் சும்மா விடாது. முழங்காலோடு நின்றுவிடும் வெள்ளைக் கால்சட்டை, அகலமான பெல்ட், நெஞ்சில் மில்லின் பெயர், முதுகில் எண். பின்னால், நான் விட்டுவந்த மைதானத்தில், சண்டை இன்னும் ஓயவில்லை. மில் ஆட்கள் அம்பயரை நடுவில் வைத்துக் கத்துவது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியும் கேட்டது. எனக்காகத்தான் கத்தினார்கள். எனக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தும் ஒரு கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, நான் கழிப்பறைச் சந்து வழியாக வெளியே வந்திருந்தேன்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்த மண்டபத்துல வாசிச்சுட்டு வர்றீங்க?"

"நான் பேண்டு செட்டு இல்லீங்க. பேஸ்பால் ஆடிட்டு வர்றனுங்க."

"அப்பிடீங்களா." அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதைக்காக மேலே கேட்கவும் இல்லை. "ஜெயிச்சுப்போட்டீங்களா?"

"இல்லீங்க."

"செரி, உக்காருங்க. டீ சாப்புடுங்க." தோற்றவனுக்கு டீ கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஜெயித்தவனிடம் டீ வாங்கிக் குடிப்பார்கள்.

அன்று மத்தியானம்வரை நான் ஒரு மில்லில் பர்மனென்ட் ஆகப்போகிற ஆள். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் பேண்டு செட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு பேஸ்பால் எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் இரண்டு கருத்து உண்டு. அதன் பிறகு நான் ஓர் இடத்தில் நிலைத்து நின்றதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கினேன். சந்தையில் மாடுகளை லாரியில் ஏற்றினேன். ஒரு கோழிப் பண்ணையில் இருந்தேன். அங்கே கோழிக்குக் கூரை இருந்தது, எனக்கு இல்லை. மழைக் காலத்தில் கோழிகளோடு படுத்துக்கொண்டேன். அதில் குறை ஒன்றும் இல்லை, அவை சீக்கிரம் தூங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் பெரிய மனிதன். டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் ஊர் அணிகள், போட்டி என்று வந்தால் வெளியூரிலிருந்து அடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஆள் நான். எனக்குத் தடுக்கத் தெரியாது, ஓடத் தெரியாது, பந்து வீசினால் கீப்பருக்கே சிரிப்பு வரும். தூக்கி அடிக்க மட்டும் தெரியும். கூலி, பெரும்பாலும் பிரியாணி. ஜெயித்தால் திரும்பிப் போக பஸ் செலவு. தோற்றால் அதே பிரியாணி, ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் நோம்பி மேட்சில்தான் மேடம் என்னைப் பார்த்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வெல்ஃபேர் ஆபீசர். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர், மில்லின் பேஸ்பால் அணிக்கும் அவர்தான் கோச். உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், நான் அடித்த பந்து அவர்கள் தோப்பில் வந்து விழவும், அதை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார்.

"இதை அடிச்சது யாரப்பா?"

நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தார்கள்.

"பேஸ்பால் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. ஆனா அடிச்சுருவனுங்க."

இந்தப் பதிலுக்கு அவர் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அங்கேதான் அவர் பிழை செய்தார் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

மில்லில் பஞ்சுக் கழிவு மூட்டை கட்டும் இடத்தில் தற்காலிக வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பயிற்சி. பேஸ்பால் என்பது கிரிக்கெட்டின் பங்காளி போலத் தெரியும். நெருங்கிப் போனால்தான் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது விளங்கும். உருட்டுக்கட்டை மாதிரி மட்டை. பந்து தரையில் குத்தாமலே வரும். எனக்குப் பிடித்த அடி, பந்தை இடுப்போடு திருப்பிக் காலுக்குப் பின்னால் தூக்கிவிடுவது. ஊர் மைதானத்தில் அதற்கு சிக்ஸரும் விசிலும். இங்கே முன்னால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள், அதற்குள்தான் அடிக்க வேண்டும். பின்னால் எத்தனை தூரம் போனாலும் கணக்கில் இல்லை. முதல் நாள் நான் அடித்த பந்துகள் எல்லாம் மில் கேண்டீன் பக்கமே போயின. "அவன் சாப்பாட்டுக்கு எடம் புடிக்கறானுங்க மேடம்" என்றார் ஒருவர்.

இன்னொன்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வீசுகிறவர் கோணல்மாணலாக நான்கு பந்து போட்டு நாம் அடிக்காமல் நின்றால், ஓடித் தொட வேண்டிய மூலைகளில் முதல் மூலைக்குச் சும்மாவே நடந்து போகலாம். என் வாழ்க்கையில் சும்மா நின்றதற்காக யாரும் எதுவும் தந்ததில்லை. அதனால் சந்தேகப்பட்டு, காலடியில் வந்தாலும் தலைக்கு மேல் வந்தாலும் எல்லாவற்றையும் அடித்தேன்.

அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். அது பெரிய கஷ்டம். கிரிக்கெட்டில் மட்டைதான் நம் நீட்டிய கை. அதை கிரீஸ் கோட்டுக்குள் வைத்துவிட்டால் ஆள் எங்கே கிடந்தாலும் தப்பித்தான். நான் மட்டையோடு ஓடினேன்.

"கீழ போடப்பா! மாடா ஓட்டிட்டுப் போற?" என்று மேடம் கத்துவார்.

போட்டுப் பழகினேன். பழகிவிட்டேன் என்றுதான் அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

ஆனால் பந்து மட்டையில் பட்டால் போய்விடும். அது எந்த ஆட்டத்துக்கும் பொது. சில மாதங்களில் கோயமுத்தூர்ப் பக்கத்து அணிகளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சர்ச்சை வந்தது. புகழ் என்றால் அதுதானே. மில் அணியில் மில் தொழிலாளிதான் ஆட வேண்டும், இவன் சந்தையில் பிடித்துவந்த ஆள் என்று ஒரு அணி புகார் கொடுத்தது. ஒரு விதத்தில் உண்மை. விசாரிக்க வந்தவர் என் தலையைப் பார்த்தார். முடியில், புருவத்தில், காதுக்குள் எல்லாம் பஞ்சு. "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று போய்விட்டார். அன்றிலிருந்து மேட்ச் நாளில் தலையைத் தட்டக் கூடாது என்று மேடம் உத்தரவு போட்டார். எதிர் அணியினர் ஷாம்பு மணக்க வருவார்கள். நான் மூட்டையிலிருந்து அவிழ்த்துவிட்ட ஆள் மாதிரி போய் நிற்பேன்.

அடுத்த புகார், மட்டைக்குள் ஏதோ அடைத்திருக்கிறேன் என்பது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் மட்டையை எடை போட்டார்கள். மளிகைக்காரர் அதை உருளைக்கிழங்குத் தட்டில் படுக்கவைத்து, "எடை செரியாத்தானுங்க இருக்குது, இனி வேற என்ன போடட்டும்?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. நம்மைக் கண்டு பயந்து தராசு தேடுகிறார்கள் என்றால் நாம் சாதாரணமா! அன்று கண்ணாடி முன்னால் நின்று மட்டையைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன். அந்தக் கெட்ட பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டோர்ஸ்ல ஒரு எடம் காலியாகுது. கப்பு வந்துதுன்னா உன்னைய அதுல பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் ஒத்துக்கிட்டாரு."

"வரலீனாங்க?"

"வரலீனா டீமையே கலைக்கறாங்க. டெம்பரவரி ஆளுக எல்லாம் வேலைய விட்டு நிக்கோணும். நானே உன்னையக் கூப்புட்டுச் சொல்லோணும். அதைச் சொல்ல வெச்சுராதப்பா."

பர்மனென்ட் என்றால் என்ன என்று நான் அந்த வாரம் முழுக்க யோசித்தேன். குவார்ட்டர்ஸில் ஒரு அறை. காய்ச்சல் வந்தால் காட்ட ஆஸ்பத்திரி அட்டை. என் ஆதாரில் இருக்கிற முகவரி, பொள்ளாச்சியில் நான் இருந்த ஒரு லைன் வீடு. இப்போது அங்கே காம்ப்ளக்ஸ் கட்டிவிட்டார்கள். சட்டப்படி நான் ஒரு செல்போன் கடைக்குள் வசிக்கிறேன். பர்மனென்ட் ஆனால், கடிதம் போட்டால் வந்து சேருகிற ஒரு முகவரி கிடைக்கும். எனக்குக் கடிதம் போட யாரும் இல்லை என்பது வேறு விஷயம். கரன்ட் பில்லாவது வரும்.

இறுதிப் போட்டி ஒரு கல்லூரி அணியோடு. எதிர்ப் பிள்ளைகள் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள். எங்கள் பக்கம் பார்க்க வந்தது ஒரு ஷிஃப்ட் முழுவதும். அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து கிரிக்கெட் பார்த்தவர்கள். பேஸ்பாலில் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமலே விசில் அடித்தார்கள்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட். நானும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, நானும் முடிந்தேன். வீசுகிற பையன் முதல் இரண்டு பந்துகளில் என்னை ஏமாற்றினான். மூன்றாவது இடுப்புக்கு நேராக வந்தது. அடி விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து இரண்டு கோட்டுக்கும் நடுவே, வேலியைத் தாண்டி, அந்தப் பக்கத்து லேத் பட்டறைத் தகரக் கூரையில் இடித்து எங்கோ போயிற்று. ஹோம் ரன்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. பந்து வேலி தாண்டிவிட்டால் யாரும் நம்மைத் தொட முடியாது. மூன்று மூலையையும் காலால் தொட்டு, அடித்த இடத்தில் பதித்திருக்கும், ஹோம் என்கிற வெள்ளை ரப்பர் பலகையைக் கடைசியாக மிதித்தால் ஒரு ரன். நடந்தேகூட வரலாம். நான் மட்டையை ஒழுங்காகக் கீழே போட்டேன். முதல் மூலை, மிதித்தேன். இரண்டாவது, மிதித்தேன். மூன்றாவது, குதித்து மிதித்தேன். அந்த நேரத்தில் எனக்குள் குவார்ட்டர்ஸ் அறையில் ஃபேன் எந்தப் பக்கம் இருக்கும் என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அடுத்து அடிக்க வேண்டியவர் எங்கள் மில்லின் ஃபிட்டர். அவரும் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்காரர். என் மட்டையை எடுத்துத் துடைத்து, பலகைக்குப் பக்கத்தில் கண்ணீரோடு காத்திருந்தார்.

"இந்தா மாப்ள, தூக்கிக் காட்டு! எல்லாரும் பாக்கட்டும்!"

வாங்கினேன். பலகைக்கு ஒரு அடி முன்னால் நின்றேன். மட்டையை மில் ஆட்கள் பக்கம் தூக்கிக் காட்டினேன். மற்றப் பக்கங்களுக்கும் காட்டினேன். மேடம் இருக்கிற இடத்தில் எழுந்து நின்று இரண்டு கையையும் கீழே காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து அவருக்குத் தனியாக ஒருமுறை காட்டினேன். பிறகு, மகாராஜா முத்திரை வைப்பது போல, மட்டையின் முனையைப் பலகையில் அழுத்தி வைத்தேன். நன்றாக, நடுவில் வைத்தேன். அப்படியே திரும்பிப் போய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினேன்.

எதிர் அணியின் கேட்சர், அதாவது அவர்கள் கீப்பர், கண்ணாடி போட்ட சின்னப் பையன், புதுப் பந்து ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பலகையை மிதித்தான்.

"சார், அப்பீல். அவர் ஹோமைத் தொடலை."

அம்பயர் முஷ்டியை மடக்கி உயர்த்தினார். அவுட். ஆட்டம் முடிந்தது.

நான் ஓடினேன். "ஏனுங்க சார், நல்லாப் பாத்தீங்களா? பேட்டு உள்ள இருந்துச்சுங்களே!"

"எதுக்குள்ள?"

"கோட்டுக்குள்ளீங்க."

"இங்க கோடு எங்கப்பா இருக்குது? பலகையக் கால்ல தொட்டியா?"

"பேட்டுல தொட்டனுங்க. அழுத்தியே தொட்டனுங்க."

"அப்ப பேட்டு அவுட்டில்ல. நீ அவுட்டு."

இதற்குள் மில் ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். பேஸ்பால் விதி என்ன என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. "மட்டை உள்ள இருந்தா நாட்டவுட்டு! சின்னக் கொழந்தைக்குத் தெரியும்!" என்றார் ஒருவர். "தேர்டு அம்பயரக் கேளுங்க!" என்றார் இன்னொருவர். கேண்டீன் மாஸ்டர் செல்போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி அம்பயரின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "பாருங்க சார், எத்தன தெளிவா வெச்சிருக்கறான் பாருங்க!" அதைவிடத் தெளிவாக எனக்கு எதிரான அத்தாட்சி உலகத்தில் இல்லை. ஃபிட்டர் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கால வெய்யி, கால வெய்யின்னு நான் கத்துனது கேக்கலியாப்பா?" என்றார் மேடம். திட்டவில்லை. குரல் போய்விட்டிருந்தது.

"நீங்க அழுகறீங்கன்னு நெனச்சனுங்க."

"இப்ப வேணும்னா அழுகட்டுமா?"

இதில் இன்னொரு கேவலம் உண்டு. அந்த ரன் விழுந்திருந்தாலும் நாங்கள் ஜெயித்திருக்க மாட்டோம். சமன்தான் ஆகியிருக்கும். ஆட்டம் இன்னும் நீண்டிருக்கும். சமனுக்கே அத்தனை திசைக்கும் மட்டையைக் காட்டியவன் நான். ஜெயித்திருந்தால் பலகையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பேன் போல.

மேனேஜர் கார் கதவைச் சாத்துவதைப் பார்த்தேன். மேடம் அவர் பக்கம் நடந்தார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு முன்பே தெரியும். அதை அவரைச் சொல்ல வைக்கக் கூடாது என்று கிளம்பியதாகத்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லை என்பது உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும் விளக்கம்.

டீக்கடையில் டீ ஆறுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கிறுக்கனப் பாத்தீங்களா? இப்பத்தான் எங்க குரூப்புல வந்துது." அதில் நான் மட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் நடந்துவருவதற்குள் என் கதை எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.

"ஆனா பேட்டு உள்ளதானுங்க இருக்குது" என்றேன்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன். அநியாயம்." அப்புறம் என் சாக்ஸைப் பார்த்தார். போனைப் பார்த்தார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

நின்றுகொண்டிருந்த பஸ் காங்கேயம் போவது. அதனால் காங்கேயத்துக்கு ஏறினேன். சூலூர் தாண்டியதும் மேடம் கூப்பிட்டார்.

"எங்கப்பா இருக்கற?"

"காங்கேயம் பஸ்ஸுலீங்க."

"அங்க யாரு இருக்கறாங்க உனக்கு?"

"ஒருத்தருமில்லீங்க."

அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"யூனிஃபார்மத் தோச்சுக் குடுத்தனுப்பு. மில்லுச் சொத்து" என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி சொன்னார். "அந்தப் பந்து இன்னும் கெடைக்கலப்பா. பட்டறைக்காரங்களும் தேடிப் பாத்துட்டாங்க."

"செரீங்க மேடம்."

ராத்திரி காங்கேயம் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து, காலையில் வேலை விசாரித்துக்கொண்டே போய், ஊருக்கு வெளியே ஒரு தேங்காய்க் களத்தில் நின்றேன். எண்ணெய் ஆலைக்குக் கொடுப்பதற்காக உடைத்த தேங்காயை சிமென்ட் தளத்தில் பரப்பிக் காயவைக்கிற இடம். ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து போனில் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. போனை வைத்துவிட்டு என் உடுப்பைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. காங்கேயத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பது அத்தனை கஷ்டம்.

"இங்க வர்றவனெல்லாம் பத்து நாள்ல ஓடிப்போறான். நீ நெலையா இருப்பியா?"

"இருக்கறனுங்கம்மா."

இதை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்றால், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கி என்னை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய லுங்கி எடுத்துவந்து கொடுத்தார். சாமான் அறையில் மாற்றிக்கொண்டு வந்தேன். காய்கிற தேங்காய்ப் பருப்பை மதியத்துக்குள் ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும், மேகம் கூடினால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், காக்காயை ஓட்ட வேண்டும். களத்தின் மறுகோடியில் வடநாட்டு ஆட்கள் இரண்டு பேர் முதுகு வளைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தக் கோடியில் தொடங்கினேன்.